மேவிஸ் வீட்டுக் கஸ்பார்

கப்பலின் வயிற்றில் ஒரு கதவைத் திறந்து அதன் கீழே ஆரஞ்சு நிறக் கூரை போட்ட படகைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், படகு மேலே வரும்போது காலை வைக்க வேண்டும், கீழே போகும்போது வைக்கக் கூடாது, அவ்வளவுதான் மேடம் என்று சிப்பந்தி இங்கிலீஷில் சொல்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதானா, அறுபது தாண்டிய முட்டிக்கு எது மேலே எது கீழே என்று எப்படித் தெரியும், நான் இரண்டு அலைகளைப் போகவிட்டு மூன்றாவதற்குத்தான் காலை வைத்தேன், பின்னால் நின்றவர்கள் முனகினார்கள், முனகட்டும். இந்த நேரத்தில் கஸ்பார் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு தள்ளுத் தள்ளியிருப்பார், முப்பது வருஷம் சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் இருந்த மனுஷனுக்கு அலை எப்போது வரும் என்று பாதத்துக்கே தெரியும், ஆனால் அவர் ஒன்பதாவது தளத்தில், திறந்தவெளி நாற்காலியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காத்து ஜாஸ்தி, நீ போயிட்டு வா என்றார். தூத்துக்குடியில் புயல் அடித்த அன்றைக்கு மொட்டைமாடியில் ஏறி டிவி ஆன்டெனாவைக் கட்டிய ஆளுக்குக் காற்று ஜாஸ்தியாம். முட்டி வலியா என்று கேட்டேன், ம் என்றார். காய்ச்சலா என்றேன், அதற்கும் ம். இரண்டுக்கும் ஒரே ம். கல்யாணமாகி நாற்பது வருஷமாகியும் அந்த ம்முக்கு எத்தனை அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை, எது ஆமாம், எது இல்லை, எது உன் வேலையைப் பார், எது நீ சொன்னது காதில் விழவே இல்லை. படகு கப்பலை விட்டு விலகியபோது நிமிர்ந்து பார்த்தேன், அத்தனை தளங்களில் எது ஒன்பதாவது என்று தெரியவில்லை, கை காட்டுவதற்கு ஒரு இடம் வேண்டுமே, பொதுவாகக் கப்பலுக்கே ஒருமுறை கை காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

காற்று ஜாஸ்தி என்று அவர் சொன்னது பொய். எனக்கு அது காலையிலேயே தெரியும். இந்தத் தீவுகளுக்கு அவர் வருவது இது இரண்டாவது தடவை. தென் அமெரிக்காவின் கீழ் முனைக்குப் பக்கத்தில், அட்லாண்டிக்கின் கடைக்கோடியில் கிடக்கும் ஃபாக்லாண்ட் தீவுகள், தூத்துக்குடியில் யாரிடம் சொன்னாலும் அது எங்கே இருக்கு என்று திரும்பிக் கேட்பார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் முப்பது வருஷமாக ஒரு மூலையில் இருந்தது. கணவாய் மீன் ஏற்றும் குளிர்பதனக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தபோது இங்கேதான் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், கப்பல் இவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், வேறு கப்பல் வருகிறவரை ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதை மொத்தமாகச் சேர்த்தால் ஒரு தந்தி அளவுக்குக்கூட வராது. மரமே கிடையாது. பச்சைத் தகரக் கூரை. முன்பக்கம் கண்ணாடி போட்ட தாழ்வாரம், அதில் தக்காளிச் செடி. வீட்டுக்காரம்மா பேர் மேவிஸ். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பெட்டியிலிருந்து சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து மகள் ஜெனோவாவின் தலையில் வைத்தார், அவளுக்கு அப்போது ஐந்து வயது, தூத்துக்குடி வெயில், பிள்ளை வேர்த்துப்போய்க் கழற்றி எறிந்தது. யார் பின்னிக் கொடுத்தா என்று கேட்டேன். நான்தான் என்றார். நீங்களா, யாரு சொல்லிக்கொடுத்தா. மேவிஸ். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆண்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த விரலை இப்படி வை, நூலை இப்படிச் சுற்று என்று சொல்லிக்கொடுக்கிறவள் எத்தனை வயசுக்காரியாக இருப்பாள், எத்தனை நெருக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பொறாமையா என்றால் பொறாமை இல்லை, பொறாமைக்கு ஒரு முகம் வேண்டும், எனக்கு முகமே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பல்லில் மாட்டிக்கொண்ட மீன் முள்ளை நாக்கு திரும்பத் திரும்பப் போய்த் தொடுமே, அந்த மாதிரி.

படகுக்கு இரண்டு பக்கமும் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன டால்பின்கள் ஓடிவந்தன, எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள், படகும் சாய்ந்தது, நான் மட்டும் மறுபக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். ஜெனோவா சொன்னது ஞாபகம் வந்தது, அம்மா நீ பயப்படாதே, போட்டோ எடு, பெங்குவினைப் பார். அவள்தான் ஹூஸ்டனிலிருந்து இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள், கல்யாண நாளுக்கு, பெங்குவின் படத்தைப் பார்த்து எடுத்தாளே தவிர அப்பாவின் தீவு என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. கப்பல் நிற்கும் ஊர்களின் பெயரை நான் வாசித்தபோது கஸ்பார் செய்தித்தாளை மடித்தார், மறுபடி விரித்தார், ம் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதை நான் கவனித்தேன். ஜெனோவா இன்னொன்றும் சொல்லியிருந்தாள், அதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது, நீ வா, வந்து இங்கேயே இரு, அப்பாவுக்கு இங்கே சரிப்படாது, அவருக்கு அந்த வீடும் ஈசிச்சேரும் போதும், நீ எதுக்கும்மா அந்தச் சுவரோட உட்கார்ந்து கிடக்கிற. சுவர் என்றுதான் சொன்னாள். நான் கோபப்படவில்லை. சரி வாறேன் என்றேன். அவர் கடலில் இருந்தவரை அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது, தூரம், போன் கிடைக்காது, கிடைத்தாலும் நிமிஷம் ஓடும், நானே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், அவருடைய அழைப்பை என் சிநேகிதிகள் எனக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டு நாசூக்காக விலகிக்கொள்வார்கள், விலகியிருக்கவே வேண்டியதில்லை, ஒட்டுக்கேட்க ஒன்றும் இருக்காது, சாப்பிட்டியா, பிள்ளை எப்படி இருக்கா, சரி வச்சிரட்டா. ரிட்டயராகி அவர் நிரந்தரமாக வீட்டுக்கு வந்த பிறகுதான் தூரமே இல்லாத மௌனம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. சோற்றைப் போடுகிறேன், சாப்பிடுகிறார், மின்விசிறி சுற்றுகிறது. ஊரார் பேச்சையெல்லாம் வயரில் சேர்த்து அனுப்பியவளுக்கு வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. ஹூஸ்டனுக்குப் போய்விடுகிறேன் என்று இந்தக் கப்பலில்தான் சொல்ல நினைத்திருந்தேன். தினமும் நாளைக்கு, நாளைக்கு.

படகுத் துறையில் ஏறி நின்றதும் கால் இன்னும் படகிலேயே இருந்தது, பலகை ஆடியது, இல்லை, நான்தான் ஆடினேன். பெங்குவின் பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். கடைசிப் படகு நாலு மணிக்கு என்று ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொன்னார்கள், அது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது, விட்டால் என்ன ஆகும், கஸ்பார் மாதிரி நானும் ஒரு குளிர்காலம் இங்கே இருக்க வேண்டியதுதான். ஊர் என்று பார்த்தால் தண்ணீர் ஓரமாக ஒரு தெரு, அதிலிருந்து மேட்டுக்கு ஏறும் நாலைந்து தெருக்கள், எல்லா வீட்டுக்கும் தகரக் கூரை, சிவப்பு, பச்சை, நீலம், யாரோ சாயப் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி, அதற்கு மேலே வெறும் பழுப்பு மலை, அதற்கு மேலே வானம், எவ்வளவு பெரிய வானம். மரம் கிடையாது என்று அவர் சொன்னது பொய்யில்லை, இருந்த நாலு மரமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. வாத்தா தாராவா என்று தெரியாத பெரிய பறவை ஒன்று குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தது, ஒரு ஜீப் நின்று வழிவிட்டது, ஓட்டியவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், நான் உடனே அவன் காதைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. கஸ்பாருக்குக் காது வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஜெனோவாவுக்கும் அப்படியே. சேசுவே, முப்பது வயதிருக்கும் ஒவ்வொருத்தர் காதையும் பார்த்துக்கொண்டே நான் நடந்துகொண்டிருந்தேன், ரொட்டிக் கடைக்காரன், தள்ளுவண்டியில் குழந்தையோடு போனவள், கம்பளித் தொப்பி போட்டவர்களைக் கண்டால் எரிச்சலாக வந்தது, காதை மறைக்கிறார்களே. அப்படி ஒரு காதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அழுவேனா. வணக்கம் சொல்வேனா. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்கூட வரலாம் என்று தோன்றியது, அவருக்குள் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, யாரிடமாவது போய் அது வெளியே வந்திருக்கிறது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பயந்து ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று புடவையைக் கால்களுக்கு நடுவே முறுக்கியது, மேலே போட்டிருந்த ஜெனோவாவின் பழைய கோட்டை ஊதிப் பெரிதாக்கியது.

பயணிகளுக்கான தகவல் நிலையத்தில் வரைபடம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், மேவிஸ் என்று ஒருவர், ரொம்ப வருஷத்துக்கு முன்னால், கம்பளி பின்னுவார், பச்சைக் கூரை என்று ஆரம்பித்தேன், எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷ், தெளிவாகத்தான் வந்தது. தெருவின் பெயரோ வீட்டு எண்ணோ அந்தம்மா கேட்கவில்லை. மேவிஸ் இறந்து இரண்டு வருஷமாகிறது என்று மென்மையாகச் சொன்னாள், தூக்கத்திலேயே. பேத்தி ட்ரூடி அதே வீட்டில்தான் இருக்கிறாள், இந்த மேட்டில் ஏறுங்கள், மூன்றாவது குறுக்குத் தெரு, கூரை இப்போது நீலம். மேவிஸுக்கு இறக்கும்போது என்ன வயது என்று கேட்டேன். தொண்ணூறு தாண்டியிருந்ததாம். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன், அப்படியானால் கஸ்பார் தங்கியபோதே அறுபது தாண்டியவள். எனக்கு இப்போதுள்ள வயது. நிம்மதி வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது ஏமாற்றம் மாதிரி ஏதோ ஒன்று, மேட்டில் பாதி வரைக்கும் ஏறிய பிறகும் அது என்னவென்று பிடிபடவில்லை. இத்தனை நாள் நான் மனசில் நடமாட விட்டிருந்த அந்தச் சிவந்த முடிக்காரி திடீரென்று இல்லாமல் போய்விட்டாள், அவளோடு அந்தக் கஸ்பாரும் போய்விட்டார், மிச்சமிருப்பது ஒரு கிழவியும் கட்டுப் போட்ட காலும் தக்காளிச் செடியும். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு எதற்கு அவர் இறங்க மாட்டேன் என்கிறார்? அந்தக் கேள்விதான் என்னை மேலே தள்ளியது.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கையெல்லாம் மண், தொட்டியில் ஏதோ நட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தாழ்வாரக் கண்ணாடிக்குள் வெயில் சூடாக நின்றது, தக்காளி இலை வாசம், எங்கள் ஊர் தக்காளிச் செடியின் அதே வாசம், இத்தனை தூரத்தில் வந்து அது என் மூக்கைத் தொட்டதும் சொல்ல வைத்திருந்த இங்கிலீஷெல்லாம் போய்விட்டது. கஸ்பார் என்று மட்டும் சொன்னேன். இந்தியா, கப்பல், கால் என்று என் காலைத் தொட்டுக் காட்டினேன். அவள் மண் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என் பெயரைச் சொன்னாள். எஸ்கலின். என்னிடம் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "நீங்க எஸ்கலின்தானே?" என் பெயரை வெள்ளைக்காரர்கள் யாரும் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை, கப்பல் வரவேற்பறையில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உடைப்பார்கள், இவள் கஸ்பார் சொல்கிற மாதிரியே கடைசி எழுத்தை லேசாக இழுத்துச் சொன்னாள். அவள் காதைப் பார்க்கக்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

உள்ளே உட்காரவைத்து டீயும் ஏதோ காட்டுப்பழ ஜாம் தடவிய ரொட்டியும் கொடுத்தாள், கஸ்பார் எப்படி இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் அதைத்தான் கேட்டாள், இருக்கிறார் என்றேன், எங்கே என்றாள், முட்டி வலி என்றேன், ஜன்னல் வழியே தெரிந்த கடலைக் காட்டினேன். அவள் கப்பல் நின்ற பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள், நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன், எதைக் கேட்கிறேன் என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. அவளுக்கு அப்போது பதிமூன்று வயது, தினமும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவாளாம், கஸ்பார் கதை சொல்வதைக் கேட்க. எந்தக் கஸ்பார் என்று கேட்கத் தோன்றியது. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவர் ஒருத்தர்தான் பேசுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் நாற்காலி தூக்கிக்கொண்டு வருவார்கள், என்ஜின் சத்தம் போட்டுக் காட்டுவார், துறைமுகத்தில் லஞ்சம் கேட்ட ஆபீசரைப்போல் நடித்துக் காட்டுவார், கட்டுப் போட்ட காலைத் தூக்கி மேசை மேல் வைத்துக்கொண்டே. நிறையப் பேசுவார் என்றாள், எங்க ஊர்லயே அப்படிப் பேசுற ஆள் கிடையாது. எனக்குத் தலை சுற்றியது, கடல் ஆட்டம் இன்னும் காலைவிட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவள் என் கதையை எனக்கே சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் ஒரு மேலதிகாரி, புதிதாக வந்த ஆபரேட்டர் பெண்ணைப் பற்றி போனில் இன்னொருத்தரிடம் அசிங்கமாகப் பேசிக்கொண்டிருந்ததும், நான் நடுவில் புகுந்து, உங்கள் நேரம் முடிந்தது ஐயா என்று சொல்லி லைனைப் பிடுங்கியதும், மறுநாள் அவர் முறைத்தபோது நானும் முறைத்ததும். அதை நான் கஸ்பாரிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன், விடுமுறையில் வந்திருந்தார், மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னேன், எனக்குள் வேலை போய்விடுமோ என்ற பயம், செய்தது சரிதான் என்ற ஆங்காரம், அவர் ம் என்றார். ம் என்று சொல்லிவிட்டு உப்பு எங்கே என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே கதையை அவர் இங்கே, இந்த மேசையில், என் குரலில், நான் உங்கள் நேரம் முடிந்தது ஐயா என்று சொன்ன அதே தொனியில் சொல்லியிருக்கிறார், அதை அவள் நடித்துக் காட்டினாள், முப்பது வருஷம் கழித்து ஒரு தீவுக்காரி கஸ்பாரைப் போல நடித்துக் காட்டினாள், அந்தக் கஸ்பார் என்னைப் போல நடித்திருக்கிறார், அது அச்சாக நான்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எல்லாவற்றையும். நான் தூங்கும்போது கன்னத்துக்கடியில் கையை மடக்கி வைத்துக்கொள்வது, மீன் தலையைக் கடைசியில் சாப்பிடுவது, தலை வாரும்போது பாட்டு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றை முனகுவது, ஒவ்வொன்றாக ட்ரூடி எடுத்து வைக்க வைக்க எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது, இரண்டும் ஒரே இடத்தில் வந்ததால் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. என்னைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள் இந்தக் காட்டுக்காற்று ஊரில் இருந்திருக்கிறார்கள், நான் பாட்டுக்குத் தூத்துக்குடியில் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்படிப் பேசினார், வீட்டில் அவர் பேச மாட்டார் என்றேன். சொன்ன பிறகு அவமானமாக இருந்தது, புருஷனை விட்டுக்கொடுத்த மாதிரி. ட்ரூடிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் இங்கேயும் பேசவில்லை என்றாள், எதைக் கேட்டாலும் ம், ம், பாட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. குளிர்காலம், வெளியே போக முடியாது, பேசாத ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பாட்டி சொல்லிவிட்டாளாம்.

"இந்த வீட்ல பேசினாத்தான் சாப்பாடு. உன் பொண்டாட்டியப் பத்திச் சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது என்றாள் ட்ரூடி. அவ்வளவுதானா என்று நான் கேட்டேன், வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், ஏன் என்றாள். பேசு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லையோ. நாலு மாசத்துக்கு ஒருதரம் பெட்டியோடு வந்து இறங்குகிறவரை விருந்தாளி மாதிரித்தானே வைத்திருந்தேன், களைத்து வந்திருக்கிறார், தொந்தரவு பண்ணக் கூடாது என்று மாமியார் சொன்னார், என் அம்மா சொன்னார், கோயிலில் பங்குச் சாமியார்கூடச் சொன்னார், ஒருத்தரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ட்ரூடியும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. கிளம்பும்போதுதான் மற்றதைச் சொன்னாள். அடுத்த வருஷமே எஸ்கலினைக் கூட்டிவருவேன் என்று கஸ்பார் மேவிஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். பயணிகள் கப்பல் வர ஆரம்பித்த பிறகு மேவிஸ் கப்பல் வரும் நாளெல்லாம் படகுத் துறைப் பக்கம் மேசை போட்டுக் காலுறை விற்பாளாம், விற்கத்தான் போனாள், பொய் சொல்லக் கூடாது என்றாள் ட்ரூடி, ஆனால் இந்திய முகத்தைக் கண்டால் விட மாட்டாள், நீ கஸ்பாரா என்று கேட்பாள், ஒருதடவை ஃபிஜியிலிருந்து வந்த பல் டாக்டரைப் பிடித்துக்கொண்டு கையை விடவே இல்லை. வாசலில் ட்ரூடி என்னைக் கட்டிக்கொண்டாள், மண் கை, தக்காளி வாசம். அவரை இறங்கச் சொல்லுங்க, அடுத்த தடவைன்னா அடுத்த தடவை என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று எங்கள் வயதுக்கு இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இறக்கத்தில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. கடைசிப் படகுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதுகளையெல்லாம் பார்க்காமல். படகில் பெங்குவின் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள், நீங்க என்ன பார்த்தீங்க என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள், ஒரு வீடு என்றேன், அவள் பாவமாகப் பார்த்தாள். எனக்கு ஒரே யோசனை, எந்தக் கஸ்பார் நிஜம். ட்ரூடிக்கு அந்தக் கஸ்பார் நிஜம், ஜெனோவாவுக்குச் சுவர்தான் நிஜம். ஒருவேளை மனுஷன் எல்லாருக்குள்ளும் இப்படி ஒரு ஊர் தள்ளிக் கிடக்கிறதா, கப்பல் ஏதாவது காலை உடைத்து அங்கே இறக்கிவிட்டால்தான் உண்டா. எனக்கும் எங்கேயாவது ஒரு எஸ்கலின் இருக்கிறாளா, ஹூஸ்டனில் இருப்பாளா. கப்பல் பக்கத்தில் வரவர மதில் மாதிரி உயர்ந்தது, இந்தத் தடவை படகு மேலே வந்த முதல் அலைக்கே காலை வைத்துவிட்டேன், அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். காலையில் திறந்த கடலைப் பார்த்திருந்தவர் இப்போது கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், போர்வை மடித்துப் பக்கத்தில் கிடந்தது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"வீடு இருக்கா?"

"இருக்கு. கூரைக்கு நீலம் அடிச்சிருக்காங்க."

"மேவிஸ்?"

இதை எப்படிச் சொல்வது என்று படகில் வரும்போது யோசிக்கவே இல்லையே என்று நினைத்தேன். "இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சாம். தூக்கத்துலயே."

சிலுவை போட்டுக்கொண்டார். கீழே எங்கேயோ நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தம், தளம் முழுக்க நடுங்கியது, பாதத்தில் அது ஏறுவது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும், என்னைவிட நன்றாகவே. கூட்டிட்டு வாறேன்னு சொல்லியிருந்தேன் என்றார். தெரியும், ட்ரூடி சொன்னா என்றேன். ட்ரூடி வேற என்ன சொன்னா என்று கேட்டார், அப்போதும் கரையைத்தான் பார்த்தார். நீங்க பேசுவீங்கன்னு சொன்னா என்றேன். அவர் காது சிவந்தது. நாற்பது வருஷத்தில் இந்த மனுஷனுக்குக் காது சிவந்து நான் பார்த்ததில்லை.

"அங்க ரொம்பப் பேசிட்டேன்," என்றார், ஏதோ குடித்துத் தொலைத்துவிட்டேன் என்கிற மாதிரி. "இறங்கினா அந்த ஆளத்தான் தேடுவாங்க. உன்னையும் பக்கத்துல வச்சிக்கிட்டு, நான் எந்த ஆளா நிக்கிறது?"

இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, கப்பல் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது, சிவப்புக் கூரைகளும் பச்சைக் கூரைகளும் ஒரு பக்கமாக நகர்ந்தன, நீலத்தில் எது அது என்று நான் தேடினேன், அவரும் அதைத்தான் தேடினார் என்று நினைக்கிறேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"ஜெனோவா என்னை மட்டும் வரச் சொல்றா. போயி அங்கயே இருந்துரலாம்னு இருந்தேன்."

அவர் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ம் சொல்லவில்லை.

"இருந்தேன்னா?"

"இருந்தேன். இப்பத் தெரியல."

தலையை ஆட்டினார். மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து விரித்து என் மடியில் போட்டார், அப்போதுதான் எனக்குக் குளிர்வது எனக்கே தெரிந்தது. சிப்பந்தி ஒருவன் தட்டில் டீக் கோப்பைகளோடு வந்தான், நான் இரண்டை வாங்கினேன், என்னுடையதைக் கீழே வைத்தேன், அவருடையதைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும், முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது, அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை, கடைசியில் இரண்டும் இல்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேசுங்க," என்றேன். "முதல்லருந்து."

இங்கிலீஷில் ஆரம்பித்தார். அது அவருக்குத் தெரியவே இல்லை, அந்தக் கதை அவருக்குள் அந்தப் பாஷையில்தான் இருந்திருக்கிறது போல, ஏணி, எண்ணெய் வழுக்கிய படி, மேலே சின்னதாகத் தெரிந்த வெளிச்சம், கைகள் அசைந்தன, புருவம் ஏறி இறங்கியது, குரல்கூட வேறு, கொஞ்சம் உரக்க, யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல. நான் டீயைக் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார், குடிக்கவில்லை. தீவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பழுப்புக் கோடாகி, அது மேகமா மலையா என்று தெரியாமல் ஆன பிறகும் நிறுத்தவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் அவர் காதிலேயே கேட்ட இடத்தில் தமிழுக்கு வந்துவிட்டார், வலிச்சது எஸ்கலி, அப்படி வலிச்சது என்றார், அதற்குப் பிறகு திரும்பி இங்கிலீஷுக்குப் போகவில்லை. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட ராத்திரிக்கு வந்து, நிறுத்தி, காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றேன்.